பதிவேட்டில் ஏறாத பிள்ளை

கண்ணாயிக்குக் கண் சிவந்து கிடக்கிறது என்று யாரோ சொன்னதால்தான் மேகலா சொட்டு மருந்தோடு அவள் களத்துக்குப் போனாள். போய்ப் பார்த்தால் கண்ணில் சிவப்பே இல்லை. கண்ணாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காய்ந்த மிளகுக் கொத்துகளைக் காலால் தேய்த்து உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்கு என்னங்க ஆச்சு?"

"மொளகுத் தோலு விழுந்துருச்சுங்க நர்சம்மா. ரெண்டு நாளாத் தொறக்கவே முடியல. இப்பத் தேவலை."

"என்ன போட்டீங்க?"

கண்ணாயி சிரித்தாள். அந்தச் சிரிப்பு மேகலாவுக்குப் பழக்கம்.

"தாய்ப்பாலா? கண்ணுல அதைய ஊத்தாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்."

"திட்டுங்க. திட்டி முடிச்சுட்டுக் கண்ணையும் பாருங்க. நல்லாயிருச்சா இல்லையா?"

திட்டத் தொடங்கிய மேகலா பாதியிலேயே நிறுத்தினாள். நாடு என்று மலையில் சொல்கிற ஊர்த்தொகுதிகளில் ஒன்றான வளப்பூர் நாட்டின் அந்தச் சிற்றூரில் மொத்தம் பதினெட்டு வீடு. பால் குடிக்கிற பிள்ளை ஒரு வீட்டிலும் இல்லை. இருந்தால் அவளுடைய பதிவேட்டில் இருக்கும்.

"யாரு பாலு?"

"நம்ம தேவராஜு ஊட்டுக்காரிகிட்டத்தான். பன்னண்டு நாளாச்சுங்களே புள்ள பொறந்து. கோயமுத்தூருல பெத்துட்டு முந்தாநேத்துத்தான் கூட்டியாந்தாங்க." கண்ணாயி காலை நிறுத்திவிட்டு நர்சின் முகத்தைப் பார்த்தாள். "உங்ககிட்டச் சொல்லலேன்னு கோவிச்சுக்காதீங்க. மொதப் புள்ள தவறின ஊடு. அடுத்ததைய வெளிய சொன்னா ஆவாதுன்னு தேவராஜு எல்லார்த்து வாயையும் கட்டிட்டான்."

பிள்ளை தவறின வீட்டில் அடுத்த கர்ப்பத்தை மறைப்பது அந்த மலையில் வழக்கந்தான். அதனால் எத்தனையோ பேரை மேகலா ஐந்தாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும்தான் கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் தேவராஜின் மனைவி தாமரைச்செல்வியின் வயிற்றைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்த வயிற்றில் கர்ப்பப்பை இல்லை.

மேகலா மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரி. குச்சிக்கிழங்கும் சோளமும் விளைகிற வீட்டில் பிறந்து, நர்சுப் படிப்பு முடித்து, தொண்ணூற்றேழில் இந்த மலைக்கு வேலைக்கு வந்தாள். காலை பஸ்ஸில் ஏறி மாலை பஸ்ஸில் இறங்குவாள். வந்த அடுத்த வருஷமே தாமரைச்செல்விக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. ஒரு நாள் முழுக்க வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு மறுநாள் காலையில்தான் நர்சுக்குச் சொல்லியனுப்பினார்கள். பலாப்பழம் ஏற்றுகிற வண்டியில் படுக்கவைத்து, ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அவள் தலை இடித்துக்கொள்ளாமல் தன் மடியில் பிடித்துக்கொண்டு சேலம் வரைக்கும் போனவள் மேகலாதான். கர்ப்பப்பை கிழிந்திருந்தது. பிள்ளை இறந்தே வந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தேவராஜ் சொன்னது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. "கொழந்தை போனதைய மட்டும் ஊருல சொல்லிக்கறேனுங்க. பை போனது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். தெரிஞ்சா எனக்கு வேற கல்யாணம் பண்ணி வெக்கறேன்னு நிப்பாங்க." மேகலா சரி என்றாள். எட்டு வருஷமாக யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

அந்தச் சரியைப் போலவே இன்னொரு சரியும் அவளிடம் உண்டு. அது உறுத்துகிற சரி. தொண்ணூற்றொன்பதில் குண்டனி நாட்டில் ஒரு வீட்டில் மூன்றாவது பெண்பிள்ளை. அடுத்த முறை போனபோது, காய்ச்சலில் போய்விட்டது என்றார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று மேகலா கேட்கவில்லை. அழுகிற வீட்டில் அதைக் கேட்பதா என்று தயங்கி, பதிவேட்டில் இறப்பு என்று எழுதிவிட்டு வந்தாள். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது, பிள்ளை சாகவில்லை, கீழே யாருக்கோ கைமாறிப் போயிருக்கிறது என்று. எங்கே என்பது கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு மேகலா எதையும் கண்ணால் பார்க்காமல் எழுதுவதில்லை. தடுப்பூசித் தழும்பா, காட்டு. மாத்திரை சாப்பிட்டாயா, காலி அட்டையைக் காட்டு. வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட்டுவிட்டேன் என்று பையன் சொன்னால் கையை மோந்து பார்ப்பாள்.

களத்திலிருந்து தேவராஜ் வீட்டுக்குப் போகிற வழியில் அவளுக்கு மாத்திரை ஞாபகம் வந்தது. போன புரட்டாசியில் மழைக்குப் பாதை சரிந்து ஒரு வாரம் பஸ் இல்லாமல் போனது. அப்போது தாமரைச்செல்வி சுகாதார நிலையத்துக்கு வந்து கருத்தடை மாத்திரை இரண்டு அட்டை கேட்டாள். சொந்தக்காரப் பெண்ணுக்கு என்றாள். எந்தச் சொந்தம் என்று மேகலா கேட்டதற்கு, தூரத்துச் சொந்தம் என்றாள். மேகலா கொடுத்துவிட்டாள். கர்ப்பப்பை இல்லாத பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை எதற்கு என்று அன்றிரவு சாப்பிடும்போதுகூட யோசித்தாள். கொஞ்ச நாளில் தாமரைச்செல்வி திருப்பூரில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டாள்.

இப்போது கையில் பிள்ளையோடு வந்திருக்கிறாள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கண்ணாயி வந்துகொண்டிருந்தாள்.

"நீங்க எதுக்குங்க?"

"நானும் புள்ளையப் பாத்துட்டு வாரேன். மொளகு எங்கீங்க போவுது."

தேவராஜ் வாசலில் மறித்து நின்றான். நல்ல உழைப்பாளி, பேச்சு குறைவு. எப்போது கண்டாலும் கும்பிடுகிறவன் அன்றைக்குக் கும்பிடவில்லை.

"தீட்டுக் கழிக்கலீங்க நர்சம்மா. கழிச்சதும் நானே வந்து கூட்டியாறேன்."

"நர்சுக்கு ஏதுங்க தீட்டு. தள்ளுங்க."

உள்ளே காலெடுத்து வைத்ததுமே மூக்கில் மல்லிகை வாசம் அடித்தது. தீட்டு வீட்டில் பூ எதற்கு? தாமரைச்செல்வியின் தலையில் பூ இல்லை. அவளுடைய தங்கை சுஜிதா அடுப்படிப் பக்கம் நின்றிருந்தாள், அவள் தலையிலும் இல்லை. அக்காளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்த தங்கை என்று கண்ணாயி அறிமுகம் சொன்னாள். பேறுகாலம் பார்க்க வந்தவள் சுவரைப் பிடித்து நடந்தாள். மாசி வெயிலில் உடம்பு முழுக்கத் துண்டைப் போர்த்தியிருந்தாள்.

தாமரைச்செல்வி மூலையில் பாயில் உட்கார்ந்து பிள்ளையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். கண்ணாயி நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேகலா கிட்டே போய்க் குனிந்தாள்.

"காட்டுங்க."

"குடிச்சிட்டிருக்குதுங்க."

"அதைத்தான் காட்டுங்க."

தாமரைச்செல்வி கண்ணாயியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதுகைத் திருப்பி, முந்தானையைக் கொஞ்சமாக விலக்கினாள். பிள்ளை மார்பில் வாய் வைத்திருந்தது. வாயின் ஓரத்தில் நூல் பருமனுக்கு ஒரு குழாய் உள்ளே போயிருந்தது. மார்பில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். குழாயின் மறுமுனை, இடுப்போரம் வைத்திருந்த டம்ளருக்குள் இருந்தது. டம்ளரில் டப்பாப்பால்.

மேகலா நிமிர்ந்தாள். இருவர் கண்ணும் சந்தித்தன. தாமரைச்செல்வியின் உதடு மட்டும், வேண்டாம் என்பதுபோல அசைந்தது.

"ஆஸ்பத்திரிச் சீட்டு?"

"பொட்டியில இருக்குதுங்க. சாவி அவருகிட்ட."

"அவரு வாசல்லதான் நிக்கறாரு."

"சாயந்திரமா வாங்க நர்சம்மா," என்றாள் சுஜிதா. "கூட்டமில்லாதப்ப வாங்க."

"ஏஞ்சாமி, நான் ஒருத்திதானே இருக்கறேன். இதுவா கூட்டம்?" என்றாள் கண்ணாயி.

மேகலா பிள்ளையை வாங்கித் தொங்கு தராசில் போட்டாள். இரண்டு கிலோ எண்ணூறு. பெண்பிள்ளை. திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, குப்பைக்கூடையில் வாடின மல்லிகை குவிந்து கிடப்பதைப் பார்த்தாள். அந்தப் பூவின் வேலை என்ன என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை இறந்து பால் கட்டிக்கொண்ட தாய்மாருக்கு, மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டச் சொல்வார்கள். பால் வற்றும்.

சுகாதார நிலையத்துக்கு நடக்கும்போதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. பெற்றவள் சுஜிதா. பாலை வற்ற வைத்துக்கொண்டிருக்கிறாள். பெறாதவள் குழாய் வைத்துத் தாய் வேஷம் போடுகிறாள். அப்பன் யார்? வாசலை மறித்து நின்றவன்தான், வேறு யார். கொழுந்தியாளிடம் பிள்ளை பெற்று, அதைப் பெண்டாட்டி மடியில் வைத்திருக்கிறான். அப்படி இல்லையென்றால் இன்னும் மோசம், எங்கேயாவது வாங்கின பிள்ளையாக இருக்கவேண்டும். ஆனால் மல்லிகை? மல்லிகை தங்கை பெற்றதைத்தான் சொல்கிறது. அந்தப் பெண் மனதார இருக்கிறாளா, மிரட்டி வைத்திருக்கிறார்களா?

மேசையில் உட்கார்ந்து மருத்துவ அலுவலருக்குக் கடிதம் எழுதினாள். கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண் ஒருத்தியிடம் பச்சிளம் பெண்குழந்தை இருப்பதாகவும், பிறப்பு பற்றிய தகவல் சந்தேகத்துக்குரியது என்றும், விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினாள். விசாரணை என்றால் போலீஸ் வரும். பிள்ளையை முதலில் எடுத்துப்போய்க் காப்பகத்தில் வைப்பார்கள். கர்ப்பப்பை இல்லாத சங்கதி ஊருக்குத் தெரியும். பிறகு தங்கையின் பேரும் அடிபடும். இவ்வளவும் மேகலாவுக்குத் தெரியாமல் இல்லை. புதைத்த இடத்தைக் கேட்காமல் விட்ட அந்த வீடும் கண்முன் நின்றது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

நாலேகால் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணாயி மிளகு மூட்டையோடு அங்கே வந்தாள். கீழே மண்டிக்கு அனுப்ப வேண்டுமாம்.

"ஏனுங்க நர்சம்மா, முகம் ஏன் இப்படி இருக்குது?"

"அந்தப் பாலைக் கண்ணுல ஊத்துனீங்களே, எரியலையா?" டப்பாப்பால் என்று வாய்வரை வந்ததை மேகலா அடக்கிக்கொண்டாள். "டம்ளருல வாங்கிட்டுப் போனீங்களா, பாட்டல்லயா?"

கண்ணாயி அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "டம்ளருல புடிச்சா அது மருந்தாவுமுங்களா? மடியில தலைய வெச்சுப் படுத்துக்கோணும். நேராக் கண்ணுல பீச்சோணும். காத்துப் படக் கூடாது."

"தாமரை பீச்சுனாங்களா?"

"பின்ன? மூணு பீச்சு கண்ணுல. நாலாவது குறி தவறி மூக்குல அடிச்சது." கண்ணாயி குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட மறைப்பானேன். மொளகுத் தோலு விழுந்தது நெசம். ஆனா ஊருல ஒரு மாதிரியாப் பேசிட்டாங்க, வயித்தையே காணோம் புள்ளை எப்படின்னு. நம்ம கண்ணுதான் வலிக்குதே, அப்படியே பாத்துட்டும் வந்தரலாம்னு போனேன். பாலு நல்லா வந்துச்சு. நான் போயி எல்லார்த்து வாயையும் அடைச்சுட்டேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் மூட்டையைத் தூக்கி மேலே போட்டார். மேகலா படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

"ஏறலீங்களா?"

"அடுத்த பஸ்ஸுல வாரேன்."

களத்தில் யாருடைய பால் என்று கேட்டாள், எப்படி வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. எதையும் பார்க்காமல் நம்பாத அவள் குழாயைப் பார்த்தாள். குழாய் போன இடத்தைப் பார்க்கவில்லை. கர்ப்பப்பை இல்லாத இடத்தில் பால் இருக்காது என்று, யாரும் காட்டாமலே நம்பிவிட்டாள்.

இந்தமுறை தேவராஜ் மறிக்கவில்லை. சாவியை எடுத்து நீட்டினான். மேகலா அதை வாங்கவில்லை.

"மொதல்ல நான் சுஜிதாகிட்டத் தனியாப் பேசோணும். நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க."

அடுப்படியில் சுஜிதா பலகையைப் போட்டாள். மேகலா உட்காரவில்லை.

"யாரு பெத்தா?"

"நான் பெத்தேன். ஆனா என்ற புள்ளை இல்லீங்க."

"பெத்தது நீ. புள்ளை உன்றது இல்லையா?"

"கோயமுத்தூரு டாக்டரம்மா பண்ணுனதுங்க. அக்காளுக்குப் பைதான் போச்சு, சினைமுட்டை இருக்குது. அதையும் மாமனோடதையும் வெளியவே சேத்து என்ற வயித்துல வெச்சாங்க. எனக்கு ரெண்டு பசங்க இருக்கறாங்க. என்ற ஊட்டுக்காரரு கோகுல்நாத்துங்கூடக் கையெழுத்துப் போட்டிருக்கறாரு."

"யாராச்சும் உன்னையக் கட்டாயப்படுத்துனாங்களா? தேவராஜ் ஏதாச்சும்..."

சுஜிதா முதல் முறையாகச் சிரித்தாள். "மாமன் என்ற மூஞ்சியப் பாத்தே ஆறு மாசமாச்சுங்க. நான் எதிர்ல வந்தா செவுத்தப் பாத்துட்டு நிப்பாரு. ஊருக்குத் தெரிஞ்சா நீங்க இப்பக் கேட்டதைத்தான் கேக்கும். அதுக்குத்தான் மறைச்சோம்."

"அப்ப நீயே பால் குடுத்திருக்கலாமே. எதுக்கு மல்லிகை?"

சிரிப்பு நின்றது. துண்டுக்குள் கையை விட்டு நனைந்த துணியைச் சரிசெய்துகொண்டாள். "ஒருதடவை குடுத்தா அப்பறம் என்னால திருப்பூருக்குப் போவ முடியாதுங்க. அக்கா பாலு வர வெக்கறதுக்கு மூணு மாசம் அழுதா. நான் நிக்க வெக்கறதுக்கு இப்ப அழுவறேன். அவ்வளவுதானுங்க."

பெட்டியைத் திறந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் தாமரைச்செல்வி, தந்தை பெயர் தேவராஜ். இரண்டு தம்பதியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருந்தது. மேகலா முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையெழுத்துகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தாள். டாக்டரின் மருந்துச் சீட்டுகளை நாள்வாரியாக அடுக்கிப் படித்தாள். ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டில் கருத்தடை மாத்திரையின் பெயர் இருந்தது. அவள் கொடுத்த அதே வகை. உடம்பு கர்ப்பம் என்று நம்பிக்கொள்ள அதைக் கொடுத்து, பிறகு நிறுத்தி, பால் ஊற வேறு மாத்திரை. அதோடு, மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை மார்பில் பம்பு வைத்து இழுக்கவேண்டும் என்று எழுதியிருந்தது.

"மொத ரெண்டு வாரம் ஒண்ணுமே வரலீங்க," என்றாள் தாமரைச்செல்வி. பிள்ளை அவள் தோளில் கிடந்தது. "வலிதான் மிச்சம். பதினாறாம் நாள் ஒரு சொட்டு. அவருகிட்டக் காமிக்கறதுக்குள்ள காஞ்சுருச்சு."

"இப்ப?"

"பாதிதாங்க வருது. மீதிக்குத்தான் டப்பா. குழாய் வெச்சா, புள்ளை மாரைச் சப்பிட்டே அதையும் குடிச்சுக்கும். சப்பச் சப்பத்தான் ஊறுமாம்."

சப்பச் சப்ப ஊறும். அதை ஒன்பது வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் மேகலாவே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"குழாயை எடுத்துட்டுக் குடுங்க. நான் பாக்கோணும்."

தாமரைச்செல்வி பிளாஸ்திரியைப் பிய்த்தாள். மார்பை விரலால் அழுத்தினாள். வெள்ளையாகத் துளிர்த்து வழிந்தது. பிள்ளை பற்றிக்கொண்டது. மேகலா அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்குகிறது. நிறுத்துகிறது. மறுபடி விழுங்குகிறது. சுஜிதா எழுந்து வெளியே போனாள்.

மேகலா பதிவேட்டை விரித்தாள். கர்ப்பம் பதிந்த நாள் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. வேலைக்கு வந்து முதன்முறையாகக் காலியாக விட்ட கட்டம் அது. தாய் என்ற கட்டத்தில், சான்றிதழில் இருந்த பெயரை எழுதினாள். பிறகு பையிலிருந்து கடிதத்தை எடுத்துத் தாமரைச்செல்வியிடம் கொடுத்தாள்.

"உங்களைப் பத்தி எழுதுனது. படிச்சுட்டு அடுப்புல போடுங்க."

தாமரைச்செல்வி பிள்ளையை எடுக்காமலே ஒற்றைக் கையில் பிடித்துப் படித்தாள். ஒரு இடத்தில் முகம் வெளுத்தது. கடைசிவரை படித்துவிட்டு, "புள்ளைக்கு வயசு பன்னண்டு நாளுன்னு போட்டிருக்கறீங்க. பதிமூணுங்க," என்றாள்.

மேகலா பதிவேட்டில் தேதியைச் சரிபார்த்தாள். அவள் சொன்னது சரி.

கிளம்புமுன் டப்பாப்பாலை எடுத்துவரச் சொன்னாள். அடியில் பேனாவால் அன்றைய தேதியைப் போட்டாள்.

"புது டப்பா பிரிக்கறப்ப எல்லாம் இப்படித் தேதி போட்டு வைங்க. காலி டப்பாவை வீசாதீங்க. அடுத்த வாரம் வருவேன். சொல்லிட்டு வரமாட்டேன்."

"இன்னும் நம்பலீங்களா நர்சம்மா?" என்றான் தேவராஜ் வாசலிலிருந்து.

"பாக்கலாம்."

சொன்னதுபோலவே சொல்லாமல் வந்தாள். ஒருநாள் காலையில், ஒருநாள் மதியத்தில், ஒருநாள் கொல்லைப்புற வழியாக. முதல் டப்பா ஐந்து நாளில் தீர்ந்திருந்தது. இரண்டாவது ஒன்பது நாள் வந்தது. சுஜிதா திருப்பூருக்குப் போய்விட்டாள். போகும்போது பிள்ளையைத் தொடாமல், அக்காளின் கன்னத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போனாள் என்று கண்ணாயி சொன்னாள். "என்ன தங்கச்சியோ, புள்ளைய ஒரு முத்தங்கூடக் குடுக்கல," என்றாள்.

நாற்பத்தைந்தாம் நாள் தடுப்பூசிக்குப் போனபோது மூன்றாவது டப்பாவைக் கேட்டு வாங்கினாள். அடியில் பதினெட்டு நாளுக்கு முந்தைய தேதி. மூடியைத் திறந்து கரண்டியை விட்டுப் பார்த்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது. மூலையில் குழாய் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. தூசி படிந்திருக்கிறதா என்று அதையும் தடவிப் பார்த்தாள்.

"பிள்ளையைக் குடுங்க," என்றாள்.

தராசு மூன்று கிலோ தொள்ளாயிரம் காட்டியது. முள் அசைவது நிற்கும்வரை காத்திருந்து, இன்னொருதடவை இறக்கி ஏற்றி, அதேதான் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு பதிவேட்டை எடுத்து, தாய்ப்பால் என்ற கட்டத்தில் ஆம் என்று எழுதினாள்.